அதிகச் சம்பளக்காரி

கேட்கட்டும். அவர் வாயாலேயே கேட்கட்டும். நானாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் அப்படியே நின்றாள். பின்னால் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம். கணவன் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். நேற்றும் கழுவினான். கல்யாணமான நாளிலிருந்து தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவன், இப்படித் திடீரென்று தட்டைத் தேய்க்கிறான் என்றால், அதில் வேறு எதையோ பரிமாறப் போகிறான் என்று அர்த்தம்.

வெளியே அவனுக்கு 'மைக்' என்று பெயர். குடிநீர் வாரியத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். மைக் இல்லாமலே நாலு தெரு கேட்கும் குரல். அந்தக் குரல் இப்போது நோயாளியைப் பார்க்க வந்தவன் மாதிரி மெதுவாகக் கேட்டது.

"சோப்பு எங்க இருக்கு?"

"உங்க கண்ணு முன்னாலதான் இருக்கு."

சங்கம் கொடுத்த வேலைநிறுத்த நோட்டீஸின் கெடு நாளைக் காலையோடு முடிகிறது. போன வாரம் பேச்சுவார்த்தையிலிருந்து வெளிநடப்புச் செய்துவிட்டு வந்த அன்று, அவன் வாரிய கேட்டில் ஒரு மணி நேரம் முழங்கினான். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவள் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சம்பளத் திருத்தம் வந்த பிறகு சேர்ந்த ஆப்பரேட்டர்களுக்கு, அதற்கு முன்னால் சேர்ந்தவர்களைவிடச் சம்பளம் அதிகம். அதே மோட்டார், அதே வால்வு, அதே ஷிப்ட். மூத்தவனுக்குக் குறைவு, இளையவனுக்குக் கூடுதல். அரசாங்கம் கமிட்டி போட்டது. அந்தக் கமிட்டியின் அறிக்கையை ஆராய இன்னொரு கமிட்டி போட்டது. முரண்பாடு மட்டும் எங்கும் போகாமல் அவர்கள் வீட்டுப் படுக்கையில் இரண்டு தலையணை போட்டுப் படுத்திருந்தது. அவன் முன்னால் சேர்ந்தவன். அவள் பின்னால் சேர்ந்தவள்.

"அண்ணி, டிபன் டப்பா கட்டியாச்சா? நான் எடுத்து வைக்கட்டுமா?"

நாத்தனார். கணவனின் தங்கை. வாரியத்தின் புகார் கவுன்ட்டரில் தொகுப்பூதியத்தில் உட்கார்ந்திருக்கிறவள். போன மாதம் முழுக்க 'அண்ணி' என்ற சொல்லையே வாயில் வைக்காதவள். நாலு பேர் முன்னால் 'அவங்க' என்றும், மூன்று பேர் இருக்கும்போது 'உன் வீட்டம்மா' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவள்.

ஆடு நனைகிறதென்று ஒரு ஓநாய் அழுதாலே சந்தேகப்பட வேண்டும். இங்கே இரண்டு அழுகின்றன.

"என் டப்பாவ நானே கட்டிக்குவேன். உனக்கு நேரமாகல?"

"ஆகட்டும். ஒரு நாள் லேட்டானா என்ன, வேலையை விட்டா தூக்கிடப் போறாங்க? அது வருஷா வருஷம் தூக்கத்தான் தூக்குறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது உண்மை. வருஷத்தில் ஒரு நாள் நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தி மறுநாள் புதிதாக எடுத்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று அவள் எந்தக் கோர்ட்டிலும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. அந்த ஒரு நாள் அவள் வீட்டில் யாரோடும் பேசாமல், தலைவாரிக்கொள்ளாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டு நின்றான்.

இதோ, கேட்கப் போகிறார்.

"இன்னிக்கு உனக்கு ரெண்டாவது ஷிப்ட்தானே?"

"ஆமா."

"எங்கயும் போயிடாத. பம்ப் ஹவுஸ்லயே இரு."

"ஷிப்டுல இருக்கறவ வேற எங்க போவேன்?"

அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணனைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து அவளுடைய டிபன் டப்பாவைப் பார்த்தார்கள். பிறகு அவன் இன்னொரு காலையும் செருப்பில் நுழைத்துக்கொண்டு போய்விட்டான்.

*

பம்ப் ஹவுஸில் பேசுவது என்றால் கத்துவது. இரண்டு மோட்டாரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும். எண்ணெய் நாற்றம், ஈரச் சிமென்ட், கால் வழியாக மேலே ஏறும் நடுக்கம். அவளுக்கு இந்த இரைச்சல் பிடிக்கும். வீட்டில் நினைக்க முடியாததையெல்லாம் இங்கே நினைக்கலாம். யாருக்கும் கேட்காது.

காலை ஷிப்டை முடித்துவிட்டுக் குளோரின் அக்கா பேனல் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தாள். ஒரே சாவி. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் அதுதான். அதைக் கையிலிருந்து கைக்குத்தான் கொடுக்க வேண்டும். மேசையில் வைக்கக் கூடாது, ஆணியில் மாட்டக் கூடாது. எந்தச் சட்டத்திலும் எழுதாத சட்டம் அது. கதவோரம் ஒரு ஆணி இருக்கத்தான் இருக்கிறது. அது வேலைநிறுத்தத்துக்கு மட்டும். கடைசி ஷிப்ட் ஆள் ஊர்த் தொட்டிகளையெல்லாம் நிரப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, சாவியை அதில் மாட்டிவிட்டுப் போவார். மாட்டினவரைத் தவிர வேறு யார் அதை அங்கிருந்து எடுத்தாலும் அது கருங்காலிக் கை. அந்தக் கையோடு பிறகு யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

நேற்று இரவு ஷிப்டுக்கு வந்த மூத்த ஆப்பரேட்டர், தோளில் பிளாஸ்க் இல்லாமல் யாரும் பார்த்திராத பிளாஸ்க்காரர், அவள் நீட்டிய சாவியை வாங்கவில்லை.

"மேசை மேல வையும்மா," என்றார். "அதிகச் சம்பளக்காரங்க கையில இருந்து வாங்கினா என் கை கூசும்."

வைத்துவிட்டு வந்தாள். இரவெல்லாம் அந்த மேசைதான் கண்ணில் நின்றது.

குளோரின் அக்கா அவள் கையை விடவில்லை. காதருகே வந்து கத்தினாள்.

"உன் வீட்டுக்காரர் உள்ள என்ன பேசி முடிச்சிருக்கார், தெரியுமா?"

"தெரியாது."

"நடிக்காத."

"சத்தியமா தெரியாதுக்கா. அவர் என்கிட்ட சோப்பு எங்க இருக்குன்னு மட்டும்தான் கேட்டாரு."

அக்கா அவளையே உற்றுப் பார்த்தாள். அவளோடு ஒரே நாளில் பரீட்சை எழுதி ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். குளோரின் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போனவள்.

"சீனியருங்களுக்கு ஏத்தறாங்களாம். அது நல்லது, யாரு வேண்டாம்னா? ஆனா அதுக்கான காசு மேலருந்து வரலையாம். நம்ம பேட்சுக்கு இறக்கி, இதுவரைக்கும் வாங்கினதையும் மாசா மாசம் பிடிச்சு, அதுல இருந்துதான் குடுக்கப் போறாங்களாம். நாமளா சம்மதிச்சு எழுதித் தரணுமாம், எங்களுக்குத் தப்பா வந்துடுச்சு, பிடிச்சுக்குங்கன்னு."

"யாரும் தர மாட்டாங்க."

"முதல்ல ஒருத்தர் தந்துட்டா மத்தவங்க தருவாங்கன்னு உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்காராம்."

அவளுக்கு அந்த ஒருத்தர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கழுவிய தட்டு ஞாபகம் வந்தது.

"பாத்துக்க," என்றாள் அக்கா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. "நீ போட்டுட்டா நாங்க உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா பேசவும் மாட்டோம்."

*

முதல் மோட்டாரின் அழுத்தமானி முள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. மேட்டுத் தெருத் தொட்டிக்கு வால்வைத் திறந்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

எப்படி நடந்தது இது? ஒரு சிரிப்பில்தான் ஆரம்பித்தது.

முதல் கேட் மீட்டிங் அது. அவன் லாரி மேல் நின்று பேசிக்கொண்டிருந்தான். கூட்டம் வெயிலில் வாடிக்கிடந்தது. அதைத் தட்டியெழுப்ப அவன் சொன்னான்: 'தோழர்களே, முரண்பாடு முரண்பாடுன்னு சொல்றோமே, அது எப்படி இருக்கும்னு பாக்கணுமா? என் வீட்டுக்கு வாங்க. எனக்கு ஜூனியர் என் பொண்டாட்டி. அவ என்னைவிட அதிகம் வாங்குறா. மாசக் கடைசியில அவகிட்டதான் நான் பஸ்ஸுக்குக் கை நீட்டறேன்.'

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கீழே நின்றிருந்த அவளும் சிரித்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் இன்னும் கொஞ்சம் சேர்த்தே சிரித்தாள். கணவன் தன்னைப் பற்றி ஊர் முன்னால் பேசுகிறான் என்ற சின்னப் பெருமைகூட அதில் இருந்ததோ என்னவோ.

அடுத்த கூட்டத்திலும் அதைச் சொன்னான். அதற்கடுத்ததிலும். பிறகு கூட்டமே அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது: 'வீட்டுக் கதைய சொல்லுங்க மைக்கண்ணே!' ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தாள். எந்தக் கூட்டத்தில் சிரிப்பது நின்றுபோனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.

கதவில் நிழல் விழுந்தது. நாத்தனார். கவுன்ட்டரை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள், மூச்சிரைத்தது. காலையில் போட்டுக்கொண்டு வந்த தேன் குரல் வழியிலேயே கொட்டிப்போயிருந்தது.

"அந்த குளோரின்காரி உங்ககிட்ட வத்தி வச்சிட்டாளாமே."

"வத்தி வச்சது யாருன்னு உங்கண்ணன் வந்து சொல்லட்டும்."

"பாதிதான் சொல்லியிருப்பா. மீதியை நான் சொல்றேன் கேளுங்க. அந்த ஒப்பந்தத்துல தற்காலிகக்காரங்களை நிரந்தரமாக்கறதும் இருக்கு. எங்க எல்லாரையும். நீங்க பேட்சா எழுதிக் குடுத்தாதான் அது. இல்லைன்னா ரெண்டுமே இல்லை."

அவள் எழுந்து நின்றாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"யாரு அப்படிச் சேர்த்துக் கட்டினது?"

"யாரு கட்டினா என்ன? கட்டியாச்சு. அண்ணி, உங்க சம்பளத்துல கொஞ்சம் குறைஞ்சா நீங்க பட்டினி கிடக்க மாட்டீங்க. எனக்கு அடுத்த மாசம் மறுபடியும் அந்த ஒரு நாள் வருது. இந்தத் தடவை நிறுத்திட்டு எடுக்கலைன்னா? கேக்க யாராவது இருக்காங்களா?"

"உனக்கு நிரந்தரம் வேணும். நான் இல்லைன்னு சொல்லல. அதுக்காக நானும் சங்கத்துல சந்தா கட்டியிருக்கேன்."

"சந்தா." நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். "கையெழுத்துக் கேட்டா சந்தா குடுக்கறீங்க. அதிகச் சம்பளக்காரங்களுக்கு எல்லாமே காசுதான்."

அந்தச் சொல்லை நாத்தனார் வாயிலிருந்தும் கேட்டாயிற்று. நேற்று பிளாஸ்க்காரர், இன்று இவள். இருவருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவன் ஒருவன்தான்.

"நீ இத்தனை வருஷம் வாங்காததுக்கு நான் காரணமா?"

"நீங்க இல்ல. ஆனா இன்னிக்கு நீங்கதான் குறுக்க நிக்கறீங்க."

"குறுக்க என்னைக் கொண்டுவந்து நிக்க வச்சிருக்காங்க."

"அதெல்லாம் எனக்குப் புரியாது. நீங்க போடலைன்னா நான் அந்த வீட்ல இருக்க மாட்டேன். ஒரே வீட்டுச் சோறு தொண்டையில இறங்காது."

போய்விட்டாள். நாத்தனார் மேல் கோபப்பட இவள் முயன்றாள். முடியவில்லை. தலைவாராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நாள் முகம்தான் வந்து வந்து நின்றது. அந்த முகத்துக்காக எதையும் கொடுத்துவிடலாம் போலவும் இருந்தது. அந்த முகத்தை வைத்துத் தன்னிடம் பேரம் பேசுகிறார்களே என்று வயிறு எரியவும் செய்தது.

மேட்டுத் தெருத் தொட்டி நிறைந்ததும் அதன் வால்வை மூடிவிட்டுச் சந்தைத் தொட்டியின் வால்வைத் திறந்தாள்.

*

பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். வெளியே பெரிய இன்ஜினியரின் கார் நின்றது. உள்ளே ஆள் இருந்தார், இறங்கவில்லை. கணவன் சட்டை முழுக்க வியர்வை. கையில் மடித்த ஒரு தாள்.

"ஸ்ட்ரைக் வாபஸ்," என்றான். மோட்டார் சத்தத்தை மீறி அவன் கத்தவே வேண்டியிருக்கவில்லை. "ஜெயிச்சாச்சு."

அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுதா?"

"விழுது. யார்கிட்ட ஜெயிச்சீங்க?"

"குத்தலா பேசாத. வருஷக்கணக்கா தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். சீனியருங்க பாதிப் பேரு இந்தக் குறைஞ்ச சம்பளத்துலயே ரிட்டையர் ஆயிட்டாங்க. இப்பதான் ஒரு கதவு திறந்திருக்கு."

"அந்தக் கதவை எப்படித் திறந்தீங்க? அந்த ஜோக்கை அங்கயும் சொன்னீங்களா?"

அவன் கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தான். ஊரே கேட்கும் குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"சொன்னீங்களா?"

"போன வாரம் பேச்சு வாக்குல வந்துடுச்சு. அதிகாரிங்க எல்லாரும் சிரிச்சாங்க. கமிஷனரும் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"சிரிச்சு முடிச்சிட்டு…" கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "'உங்க மனைவி அதிகம் வாங்குறாங்கன்னு நீங்களே சொல்றீங்களே செயலாளரே, அப்ப தப்பு உங்க சம்பளத்துல இல்ல, அவங்க சம்பளத்துலன்னு ஆகுது'ன்னாரு. பக்கத்துல இருந்தவர் அதை அப்படியே குறிச்சிக்கிட்டாரு. நான் என்ன பண்றது? என் வாயால வந்தது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஜோக்குக்கு எத்தனையோ கூட்டங்களுக்குப் பிறகு இப்போதுதான் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும்விட்டது.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே. தப்பு அவ சம்பளத்துல இல்ல, அவளும் மோட்டார் ஓட்டறவதான்னு."

"அன்னிக்கு வெளிநடப்போட வந்துட்டேன். அப்படிச் சொல்லியிருந்தா திரும்பக் கூப்பிட்டிருக்கவே மாட்டாங்க. இங்க பாரு, நீ ஒருத்தி போட்டா போதும். மைக் வீட்லயே போட்டாச்சுன்னு தெரிஞ்சா மத்தவங்க தானா வருவாங்க. தங்கச்சிக்கும் ஒரு வழி பிறக்கும். அவ உனக்கு யாரு, வேத்தாளா?"

"குறைச்சிக்கறியான்னு நீங்க முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன். நிஜமாவே யோசிச்சிருப்பேன்."

"இப்ப கேக்கறேனே."

"இப்ப நீங்க கேக்கல. வெளிய கார் நிக்குது."

அவன் முகம் கறுத்தது. "சரி, சொல்லிடறேன். நீ சம்மதிச்சிட்டேன்னு உள்ள சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அவங்க கையெழுத்துப் போட்டாங்க. நாளைக்குக் காலையில கேட்ல அறிவிக்கணும். என் மானம் உன் கையில இருக்கு."

"என் மானம் இத்தனை நாள் உங்க மைக்ல இருந்துச்சு."

"அது வெறும் ஜோக்குடி!"

"தெரியும். நானும் சிரிச்சிருக்கேன்."

சந்தைத் தொட்டி நிறைந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அதுதான் கடைசித் தொட்டி. அவள் பேனலுக்குப் போய் முதல் மோட்டாரை நிறுத்தினாள். பிறகு இரண்டாவதை. இரைச்சல் படிப்படியாக இறங்கி, கடைசியில் குழாய்க்குள் தண்ணீர் திரும்பி வழியும் மெல்லிய சத்தம் மட்டும் மிஞ்சியது. இந்த அறையில் இவ்வளவு அமைதியை அவன் கேட்டு வெகுநாளாகியிருக்கும்.

"ஏன் நிறுத்தின? இரவு ஷிப்டுக்கு அப்படியே குடுக்கலாமே."

அவள் சாவியை உருவி எடுத்தாள். கதவோரம் போய் ஆணியில் மாட்டினாள். சாவி இரண்டு முறை சுவரில் இடித்து, ஆடி, நின்றது.

"ஸ்ட்ரைக் வாபஸ்னு சொன்னேனே."

"அது உங்களுக்கு."

படியில் செருப்புச் சத்தம். பிளாஸ்க்காரர் இரவு ஷிப்டுக்கு வந்துவிட்டார். தோளில் பிளாஸ்க், முகத்தில் வெற்றிச் செய்தி கேட்ட களை. உள்ளே ஒரு கால் வைத்தவர், ஓடாத மோட்டாரைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"என்ன மைக்கு, வாபஸ்னு சொன்னாங்களே?"

"வாபஸ்தான் அண்ணே. சாவிய எடுத்துக்குங்க."

பிளாஸ்க்காரர் அசையவில்லை. அந்த ஆணியிலிருந்து சாவி எடுத்த கையோடு டீ குடிக்க மாட்டேன் என்று, இதே அறையில், எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

"யாரு மாட்டினாங்களோ அவங்களே எடுத்துத் தரட்டும்," என்றார். அவளைப் பார்க்காமல், நேற்று நீட்டாத கையை இன்று நீட்டினார். முதிய கை.

"எடுத்துக் குடு," என்றான் கணவன். குரல் தணிந்திருந்தது. "கையெழுத்தை அப்புறம் பாத்துக்கலாம். சாவிய மட்டும் எடுத்து அவர் கையில குடு. இதையாவது செய்."

வெளியே காரின் ஹாரன் ஒரு முறை ஒலித்தது. அதற்கப்பால் அலுவலகப் படியில் யாரோ ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருட்டுகிற வெளிச்சத்தில் தெரிந்தது. பக்கத்தில் வீட்டுக்குப் போகும் பையா, வீட்டை விட்டுப் போகும் பையா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

அவள் நீட்டிய கையைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். பிறகு காலி டிபன் டப்பாவைப் பையில் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தொட்டியெல்லாம் நிறைச்சிருக்கேன். நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் ஊருக்குத் தண்ணி வரும்," என்று பிளாஸ்க்காரரிடம் சொன்னாள்.

பிறகு கணவனிடம், தட்டில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால் சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்:

"இல்லீங்க. வேண்டாம்."